கேம் வாங்கும் முன்: அந்த மதிப்பெண் எந்தக் கருவிக்கானது?

2020 டிசம்பர் 10 அன்று சைபர்பங்க் 2077 என்ற கேம் வெளியானது. விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் விமர்சகர்களின் சராசரி, பிசி (கணினி) பதிப்புக்கு 100-க்கு 86. சோனியின் கேம் கருவியான (கன்சோல்) பிளேஸ்டேஷன் 4 பதிப்புக்கு 57. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குத் தரப்பட்டது பிசி பதிப்பு மட்டுமே. அந்தப் புகழுரைகளை நம்பிப் பழைய கன்சோலுக்கு வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். ஒரே வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்தே கேமை எடுத்தது; 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது.

பிளேஸ்டேஷன் 4 என்பது 2013-ஆம் ஆண்டுக் கருவி. 1.6 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர், சுழலும் ஹார்ட் டிஸ்க். கேமில் கார் வேகமாகப் பாயும்போது அடுத்த தெருவை டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தர நேரம் போதாது. சுவர்கள் மங்கலாகவே நிற்கும், ஆட்கள் திடீரென்று முளைப்பார்கள், நொடிக்குக் காட்டும் படங்களின் (ஃப்ரேம்) எண்ணிக்கை சரியும். சுழலும் டிஸ்க்கை விட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி உள்ள கருவியில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தெரியவே தெரியாது.

பிசி என்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. 2015 ஜூனில் பேட்மேன்: ஆர்க்கம் நைட் கன்சோலில் நன்றாகவே ஓடியது, பிசி பதிப்பின் விற்பனையைத்தான் சில நாட்களிலேயே நிறுத்த வேண்டியிருந்தது.

ஆகவே விமர்சனத்தைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது, எந்தக் கருவியில் ஆடினார்கள் என்பதை. ‘பிளேஸ்டேஷன் 4 ப்ரோ’ என்ற வலுவான வகை வேறு, சாதாரண 4 வேறு. பிசி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில், ஆடியவர்கள் தரும் மொத்த மதிப்பீட்டை விட ‘சமீபத்திய’ மதிப்பீட்டைப் பாருங்கள். கடைசி அப்டேட் எதையாவது கெடுத்திருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். ஸ்டீமின் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக் வைத்திருப்பவர்கள் அதில் ஆடியவர்களின் கருத்தை மட்டும் பிரித்துப் பார்க்கவும் வசதி உண்டு.

வாங்கிய பிறகு வரும் அதிருப்தி பல நேரம் செட்டிங்ஸால் வருவது. 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை புதுப் படம் கேட்கிறது. கேம் நொடிக்கு 60 ஃப்ரேமைத் தொட முடியாமல் 40, 50 என்று ஊசலாடினால், விசிங்க் (ஃப்ரேமைத் திரையின் வேகத்தோடு பொருத்தும் வசதி) போட்டிருக்கும்போது தாமதமான ஃப்ரேம் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும். கண்ணுக்கு அது வெட்டி வெட்டித் தெரியும். அதைவிட 30-ல் பூட்டிவிடுவது மேல். 8 ஜிபி நினைவகம் உள்ள கிராபிக்ஸ் கார்டில் திக்கினால் டெக்ஸ்சர் (பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) தரத்தை ஒரு படி இறக்குங்கள். மற்றதைத் தொடுவது அப்புறம். டிவியில் ஆடுபவர்கள், படம் தாமதமாக வருவதைக் குறைக்கும் டிவியின் கேம் மோடைப் போடாமல் கன்ட்ரோலரைக் குறை சொல்வது வழக்கம்.

பணம் திரும்பப் பெறுவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கேட்கலாம். முதல் முறை திறக்கும்போது சில கேம்கள் ஷேடர் (ஒளி, நிழல், நிறத்தை வரையும் சிறு நிரல்கள்) தயாரிக்க வெகுநேரம் எடுக்கும்; அந்த நேரமும் 2 மணியில் சேரும். அது முடியும்வரை காத்திருந்து, உடனே நெரிசலான ஒரு காட்சிக்குப் போய்ச் சோதியுங்கள். தொடக்க அறையில் சீராக ஓடுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பிளேஸ்டேஷன் கடையிலும் கெடு 14 நாள்தான், ஆனால் டவுன்லோட் தொடங்கிவிட்டால் கேமில் கோளாறு இருந்தாலொழிய பணம் வராது. வாங்கும்போதே தானாக டவுன்லோட் ஆகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.