மாலையில் இறங்காத கார்ட்டிசால்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 41, ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவு வேலை. 2020 ஊரடங்கில் கணவன், மனைவி இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. ஒரே சாப்பாட்டு மேசை, இந்த முனையில் ஒரு மடிக்கணினி, அந்த முனையில் ஒன்று. “அவருக்குச் சம்பளத்தைப் பாதியாக்கிவிட்டார்கள், எனக்குக் குறைக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் கவலை அவருக்குத்தான் அதிகம் இருந்திருக்க வேண்டும். அவரோ படுத்ததும் தூங்கிவிடுவார். நான் இரண்டு மணிவரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். சாயங்காலம் ஆனால், ‘வண்டியை ஸ்டார்ட் செய்யாவிட்டால் பேட்டரி போய்விடும்’ என்று கீழே இறங்கிவிடுவார். அரை மணி நேரம் கழித்துத்தான் மேலே வருவார். பெண்களுக்கு மனசு பலவீனம் என்று என் மாமியார் சொல்வது உண்மைதானா?”

மாமியாருக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இல்லை. ஆனால் அவர் கண்ணில் பட்ட வித்தியாசம் பொய்யில்லை. 2021 அக்டோபரில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் உலகளாவிய மதிப்பீடு வந்தது. 2020இல் பெருந்தொற்றின் விளைவாகக் கூடுதலாகப் பதற்ற நோய்க்கு ஆளானவர்கள் 7.62 கோடிப் பேர் என்றது அது. அவர்களில் பெண்கள் 5.18 கோடி, ஆண்கள் 2.44 கோடி. தீவிர மனச்சோர்வில் கூடுதல் 5.32 கோடி, அதில் பெண்கள் 3.55 கோடி, ஆண்கள் 1.77 கோடி. ஏறக்குறைய இரண்டு நோய்களிலும் இரண்டுக்கு ஒன்று.

இங்கேதான் ஒரு புதிர். மன அழுத்தத்தைக் கேள்வித்தாளை விட்டுவிட்டு உடம்பிலேயே அளந்தால் கதை தலைகீழாகிறது.

1993இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் கிளெமென்ஸ் கிர்ஷ்பாமும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனையை வடிவமைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த, கொஞ்சம் கொடூரமான சோதனை. உங்களை ஓர் அறைக்குள் அழைப்பார்கள். எதிரே வெள்ளை அங்கி அணிந்த நடுவர்கள். “இந்த வேலைக்கு நீங்கள்தான் பொருத்தமானவர் என்று ஐந்து நிமிடம் பேசுங்கள்” என்பார்கள். பேசுவீர்கள். ஒருவரும் தலையசைக்க மாட்டார், சிரிக்க மாட்டார். முடித்த கையோடு, “1022இலிருந்து 13, 13ஆகக் கழித்துக்கொண்டே வாருங்கள், வேகமாக” என்பார்கள். 1009, 996, 983, 970… 956. “தவறு. மறுபடியும் 1022இலிருந்து.” அவ்வளவுதான் சோதனை. முன்னும் பின்னும் ஒரு பஞ்சு உருளையை வாயில் போட்டு மெல்லச் சொல்லி, அதில் ஊறிய உமிழ்நீரில், மன அழுத்தத்தின்போது ஏறும் ஹார்மோனான கார்ட்டிசாலை அளப்பார்கள்.

உலகம் முழுக்க எத்தனையோ ஆய்வகங்களில் திரும்பத் திரும்பச் செய்த சோதனை இது. சராசரியாக, கார்ட்டிசால் அதிகமாக எகிறுவது ஆண்களுக்கு. “எவ்வளவு பதற்றமாக இருந்தது?” என்று கேட்டால் அதிகம் சொல்வது பெண்கள். மாதவிடாய்ச் சுழற்சியின் எந்தக் கட்டம், கருத்தடை மாத்திரை எடுக்கிறாரா என்பதையெல்லாம் பொறுத்துப் பெண்களின் அளவு மாறும். மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன், ரத்தத்தில் கார்ட்டிசாலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு புரதத்தைக் கூட்டிவிடுவதால் உமிழ்நீருக்கு வந்து சேர்வது குறையும். அது ஒரு பக்கம். அதே குழுவினர் 1995இல் செய்த இன்னொரு வேடிக்கை: சோதனைக்கு முன் துணைவரை உடன் இருந்து தைரியம் சொல்லச் சொன்னார்கள். காதலி தைரியம் சொன்ன ஆண்களுக்குக் கார்ட்டிசால் குறைந்தது. காதலன் தைரியம் சொன்ன பெண்களுக்குக் கூடும் போக்கு தெரிந்தது! கணவர்மார்கள் கவனிக்க.

சரி, உச்சம் ஆண்களுக்கு அதிகம் என்றால் நோய் ஏன் பெண்களுக்கு அதிகம்? கார்ட்டிசால் எவ்வளவு ஏறியது என்று மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. எப்போது இறங்கியது என்று பார்க்க வேண்டும்.

பள்ளிப் பாடத்தை ஒரே மூச்சில் நினைவுபடுத்திவிடுகிறேன். மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் ஒரு வேதிப்பொருளை விடுகிறது, அது பிட்யூட்டரியைத் தட்டுகிறது, பிட்யூட்டரி ரத்தத்தில் ஒரு ஹார்மோனை அனுப்புகிறது, அது சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியை எட்டுகிறது, கார்ட்டிசால் வருகிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, உடம்பு தயாராகிறது. இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். இதை நிறுத்துவது யார் என்பதுதான் அழகு.

வீட்டு மொட்டை மாடித் தொட்டிக்குள் ஒரு மிதவைப் பந்து இருக்கும். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறுகிறது, தண்ணீரே பந்தைத் தூக்குகிறது, பந்து ஏறியதும் மோட்டார் நிற்கிறது. நிறுத்துவதற்குத் தனியாக ஆள் கிடையாது. மேலே வந்த தண்ணீர்தான் ‘போதும்’ என்கிறது. கார்ட்டிசாலும் அப்படியே. அட்ரினலிலிருந்து கிளம்பி உடம்பெல்லாம் சுற்றும் அதே கார்ட்டிசால் மூளைக்கும் போகிறது. ஹைப்போதலாமஸிலும் பிட்யூட்டரியிலும் நினைவுகளைக் கையாளும் ஹிப்போகாம்பஸிலும் உள்ள ஏற்பிகளில், அதாவது ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களில், போய் உட்கார்ந்து, தன்னை அனுப்பிய உத்தரவைத் தானே ரத்து செய்கிறது.

இதில் மிதவை ஒன்றில்லை, இரண்டு. முதல் வகை ஏற்பி கார்ட்டிசாலை மிக இறுக்கமாகப் பிடிக்கும். ரத்தத்தில் கொஞ்சமே இருந்தாலும் இது நிரம்பிவிடும். அன்றாட நிலையைக் கவனிப்பது இது. இரண்டாம் வகையின் பிடி சுமார் பத்து மடங்கு தளர்வு. அதனால் காலையில் எழுந்த வேளையிலும் நெருக்கடியிலும் கார்ட்டிசால் வெள்ளமாக வரும்போதுதான் இது நிரம்பும். நிரம்பியதும் ‘மோட்டாரை நிறுத்து’ என்று கத்துவது இந்த இரண்டாவது. ஒரே மூலக்கூறு, தன் அளவைப் பொறுத்து ‘எல்லாம் சுகம்’ என்றும் சொல்கிறது, ‘போதும், நிறுத்து’ என்றும் சொல்கிறது. இதை முதன்முதலாகப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியைத் திறந்து பார்த்தேன் என்றால் நம்புங்கள்.

பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் ஊர் உப்புத் தண்ணீர். பந்தின் கம்பியில் வெள்ளையாக உப்புப் படிந்து, கையால் ஆட்டினால்தான் அசைந்தது. நாள்கணக்கில், மாதக்கணக்கில் கார்ட்டிசால் இறங்காமல் நின்றால் இரண்டாம் வகை ஏற்பிகளுக்கும் ஏறக்குறைய இந்தக் கதிதான். அவற்றின் உணர்வு மங்குகிறது. பிறகு நிறுத்தும் ஓசை மெதுவாகவே கேட்கும். உடம்பு கொடுக்கும் இந்தத் தேய்மானத்துக்கு 1993இல் புரூஸ் மெக்கெவனும் எலியட் ஸ்டெல்லரும் ஒரு பெயரும் கணக்கும் கொடுத்தார்கள். அந்தக் கணக்கில் நெருக்கடி எவ்வளவு பெரியது என்பதைவிட, முடிந்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதே பெரிய செலவு.

கார்ட்டிசாலுக்கு ஒரு நாள் கணக்கு உண்டு. விழித்த அரை மணி, முக்கால் மணியில் உச்சம். பிறகு நாள் முழுக்கச் சரிவு. நள்ளிரவை ஒட்டி அடிமட்டம். அந்த மாலைச் சரிவில் ஒரு வழுக்குப்பாறையில் போவது போல வழுக்கிக்கொண்டு போனால்தான் தூக்கம். ரத்தத்தில் உள்ள கார்ட்டிசால் பாதியாகக் குறையவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குக்கரின் ஒவ்வொரு விசிலும் கார்ட்டிசாலை ஏற்றும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏறியது இறங்குவதற்கு இடையூறில்லாத ஒரு நேரம் வேண்டும். அந்த நேரம் யாருக்குக் கிடைக்கிறது?

சுவீடனில் மரியான் ஃபிராங்கன்ஹாய்சர் இதைத்தான் 1980களில் வால்வோ நிறுவனத்து ஊழியர்களிடம் அளந்தார். வேலை நேரத்தில் ஆண் மேலாளர்களும் பெண் மேலாளர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு முடுக்கத்தில் இருந்தார்கள். மாலை 5 மணிக்குப் பின்தான் பாதை பிரிந்தது. ஆண்களுக்கு, அழுத்தத்தின் இன்னொரு அடையாளமான நார்அட்ரினலின் இறங்கியது. பெண்களுக்கு இறங்காததோடு ஏறவும் செய்தது. வீட்டுக்குப் போய்விட்டார்கள், அவ்வளவுதான் காரணம். பின்னர் லாஸ் ஏஞ்சலிஸில் டார்பி சாக்ஸ்பியும் ரீனா ரெபெட்டியும் வேலைக்குப் போகும் 30 தம்பதிகளின் வீட்டுக்குள்ளேயே போய், யார் எந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு உமிழ்நீரும் எடுத்தார்கள். 2011இல் வெளியான முடிவு என் வாயை அடைத்தது. கணவன் வீட்டு வேலையில் கை கொடுத்த வீடுகளில் மனைவியின் கார்ட்டிசால் மாலையில் நன்றாக இறங்கியது. கணவனுடையது எப்போது நன்றாக இறங்கியது தெரியுமா? தான் ஓய்வாக இருந்து, மனைவிக்கு ஓய்வு குறைவாக இருந்த வீடுகளில்.

இப்போது இதன் மேல் ஊரடங்கைத் தூக்கி வையுங்கள். தொற்றுக்கு முன்பே, 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் இந்தியப் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிட்டது 299 நிமிடம். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். கவனியுங்கள், ‘செய்யும் ஆண்கள்’. ஆண்களில் கால்வாசிப் பேரே அந்தக் கணக்குக்குள் வருகிறார்கள். இந்நிலையில் பள்ளி மூடியது, அங்கன்வாடி மூடியது, வேலைக்கு உதவ வருபவர் வரவில்லை, மூன்று வேளையும் எல்லோரும் வீட்டில். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த பஸ் பயணம் என்ற ஒரே இடைவெளியும் போயிற்று. ஜன்னலோர இருக்கையில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து வந்த அந்த 40 நிமிடத்தை நாம் ‘வீணான நேரம்’ என்று திட்டிக்கொண்டிருந்தோம்.

வேலையே போனவர்களின் கணக்கு இன்னும் கசப்பானது. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2021 அறிக்கைப்படி, ஊரடங்குக்கு முன் வேலையில் இருந்த ஆண்களில் 7 சதவீதம் பேர் வேலை இழந்து அந்த ஆண்டு இறுதிவரை திரும்பவில்லை. பெண்களில் 47 சதவீதம்.

ஆண்களுக்கு ஒன்றுமே இல்லை என்று யாரும் இதை வைத்து வாதாட வேண்டாம். கேள்வித்தாளில் ‘பதற்றமாக இருக்கிறது’ என்ற கட்டத்தில் டிக் போட ஆண்களுக்குக் கை வருவதில்லை. சின்ன வயதிலிருந்து அப்படித்தான் வளர்க்கிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2020இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட 1,53,052 பேரில் பத்தில் ஏழு பேர் ஆண்கள். மொத்தத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவர் தினக்கூலித் தொழிலாளி. கேட்டால் சொல்லாதவர்கள் இவர்கள். (மனம் தாங்கவில்லை என்றால் 104 அல்லது 14416 எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம்.)

ஓர் ஆதங்கத்தையும் இறக்கி வைத்துவிடுகிறேன். மன அழுத்த ஆய்வு பல பத்தாண்டுகளாக ஆண் எலிகளை நம்பியே ஓடியது. 2009இல் வெளியான விலங்காய்வுகளை எண்ணிப் பார்த்தபோது, நரம்பியலில் ஆண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்தவை, பெண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்தவற்றைப்போல் ஐந்தரை மடங்கு இருந்தன. ‘பெண் எலிக்கு ஹார்மோன் சுழற்சி உண்டு, கணக்கு குழம்பும்’ என்பது சாக்கு. மேலே சொன்ன உமிழ்நீர்க் கணக்குகளும் ஜெர்மன் மாணவர்கள், சுவீடன் மேலாளர்கள், கலிஃபோர்னியத் தம்பதிகள். திருப்பூரில் தையல் மிஷினிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போய் அடுப்பு பற்றவைக்கும் பெண்ணின் மாலைச் சரிவு எப்படி இருக்கும்? பஞ்சு உருளையும் ஓர் உறைபெட்டியும் கொஞ்சம் ஆய்வுப் பணமும் போதும். ராக்கெட்டுக்குக் கேட்கும் தொகையில்லை இது.

தலைமுடியும் உதவும். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது, வளரும்போது கார்ட்டிசாலையும் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொள்கிறது. தலையை ஒட்டி 3 செ.மீ. வெட்டி எடுத்தால் கடந்த மூன்று மாதத்தின் சராசரி கிடைக்கும். கிராப்பு வெட்டிய ஆண்களிடம் அந்த நீளம் கிடைக்காது. சலூன்கள் மூடிக் கிடந்த அந்த ஏப்ரல், மே மாதங்களில் ஆண்கள் தலையிலும் போதுமான முடி இருந்தது! எவ்வளவு அருமையான வாய்ப்பு.

கோவையில் 2021 மே மாதம் ‘கொரோனா தேவி’க்குச் சிலை வைத்தபோது நண்பர்கள் பலர் கேலி செய்தார்கள். நான் செய்யவில்லை. அதே ஊரில் நூறாண்டுக்கு முந்தைய கொள்ளைநோய் விட்டுச்சென்ற பிளேக் மாரியம்மன் இன்னும் இருக்கிறாள். 208 ஆய்வகச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2004ஆம் ஆண்டு ஆய்வு, கார்ட்டிசாலை அதிகம் ஏற்றுபவை இரண்டு என்கிறது: ‘என் கையில் எதுவும் இல்லை’ என்ற நிலை, ‘பிறர் என்னை எடைபோடுகிறார்கள்’ என்ற நிலை. கையில் எதுவும் இல்லாதவர்கள் கைகூப்புவதில் எனக்குக் கோபம் வராது. ‘மன அழுத்தத்தை உறிஞ்சும்’ செப்புக் காப்பு என்று ஆயிரக்கணக்கில் விற்றவர்கள் மேல்தான் கோபம். இரண்டாவது நிலைக்கு ‘மனசு பலவீனம்’ என்று தினமும் காதில் விழுவதும் சேர்த்தி, அதை மாமியாரிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் எழுதும் முன் அந்த வாசகிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். வண்டி பேட்டரிக்கு ஐந்து நிமிடம் போதும். மிச்ச இருபத்தைந்து நிமிடம் உங்கள் கணவருக்கு எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும், அந்த நாட்களில் உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். மறுநாள் பதில் வந்தது.

“எனக்கு ஒன்றும் இல்லை சார். சாயங்காலம் ஆறரைக்கு மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போவேன், அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டி ஓரம் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவேன். சித்திரை வெயில், துணி மூன்று மணிக்கே காய்ந்திருக்கும்.”