பன்னேர்கட்டா கண்காணிப்புக் குழுவில் இடம் கிடைத்தால்

பன்னேர்கட்டா கமிட்டியில் உறுப்பினர் என்றதும் பெங்களூர்ச் சொந்தக்காரர்கள் கேட்பது சஃபாரி டிக்கெட்தான். சஃபாரி பஸ் ஓடும் உயிரியல் பூங்கா 2002-லேயே தனியாகப் பிரிந்துவிட்டது. நாம் பேசுவது 260.51 சதுர கி.மீ. தேசியப் பூங்காவையும், அதைச் சுற்றிக் கட்டடம், சுரங்கம் போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு உள்ள சூழல் உணர்திறன் மண்டலத்தைக் கண்காணிக்கும் குழுவையும் பற்றி.

மத்திய அரசின் 2016 வரைவு அறிவிக்கையில் 268.96 சதுர கி.மீ. இருந்த மண்டலம், 2020 மார்ச் இறுதி அறிவிக்கையில் 168.84 ஆகச் சுருங்கியது. அகலமும் ஒரே சீராக இல்லை. ஓரிடத்தில் 100 மீட்டர், இன்னோரிடத்தில் 1 கி.மீ. தகராறு முழுக்க இங்கேதான் தொடங்கும். கட்டவோ தோண்டவோ அனுமதி கேட்கும் மனுதாரர் பூங்கா கேட்டிலிருந்து ரோடு வழியாக அளந்து "மூன்று கி.மீ. தள்ளி இருக்கிறோம்" என்பார். அளக்க வேண்டியது, அறிவிக்கை எல்லையின் மிக அருகிலுள்ள புள்ளியிலிருந்து நேர்க்கோட்டில்.

மனுவின் கோப்பு வந்ததும் சர்வே எண்ணை, கர்நாடக அரசின் நில வரைபடச் செயலியான திஷாங்கில் தேடி, நிலம் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். பிறகு அறிவிக்கையின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஒரே சர்வே எண்ணில் பாதி உள்ளே, பாதி வெளியே இருப்பதும் உண்டு. அடுத்தது பஹணி, அதாவது கர்நாடகத்தின் நில உரிமை, சாகுபடிப் பதிவேடு. கன்னடம் வாசிக்க வராதவர்கள் கூச்சப்படாமல் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் விஷயம் 'கராபு' (சாகுபடிக்கு ஆகாத நிலம்) என்ற கட்டத்தில் ஒளிந்திருக்கும். 'பி கராபு' என்றால் ஓடை, வண்டிப்பாதை மாதிரியான பொது நிலம். நம் ஊர்ப் புறம்போக்கு போல. அதை மூடித்தான் பல லேஅவுட் வரைபடங்கள் அழகாக இருக்கின்றன.

அதிகம் ஏமாறுவது 'சொந்த வீடு' கோப்பில். உள்ளூர்க்காரர் தன் நிலத்தில் குடியிருக்க வீடு கட்டலாம். புதிதாக ஹோட்டல், ரிசார்ட் கட்டக் கூடாது. எனவே பிளானில் அறைகளை எண்ணுங்கள். ஒரு குடும்பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறை, ஒவ்வொன்றுக்கும் தனிக் குளியலறை, வாசலில் இருபது கார் நிறுத்த இடம் என்றால் அது வீடா என்று கேட்டே ஆக வேண்டும்.

கல்குவாரியில் இன்னொரு பொறி. மண்டலம் 100 மீட்டரே இருக்கும் இடத்திலும், தேசியப் பூங்கா எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் சுரங்கம் கூடாது. 2023 ஏப்ரலில், காடுகள் பாதுகாப்பு தொடர்பான கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. "மண்டலத்துக்கு வெளியே" என்ற ஒற்றை வரியோடு வரும் கோப்பை நகர விடாதீர்கள்.

கள ஆய்வு கேட்டால் ராகி முற்றும் மாதங்களில் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பக்கமுள்ள தளி, ஜவளகிரிக் காடுகளிலிருந்து யானைகள் வரும் காலம் அது. ஏப்ரலில் போனால் கட்டாந்தரையைப் பார்த்துவிட்டு "நடமாட்டம் இல்லை" என்று எழுதிவிடுவார்கள்.

பக்கத்தில் உங்களுக்கோ மைத்துனருக்கோ நிலம் இருந்தால் எழுத்தில் சொல்லிவிட்டு, கூட்டத்தில் அந்த விஷயம் விவாதத்துக்கு வரும்போது வெளியே போய்விடுங்கள்.

கூட்டக் குறிப்பில் 'விவாதிக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தால் உங்கள் எதிர்ப்பு பதிவாகவில்லை என்று பொருள். சர்வே எண்ணோடும் காரணத்தோடும் அன்றே மின்னஞ்சல் அனுப்பி, அதைக் குறிப்பில் இணைக்கச் சொல்லுங்கள். மார்ச் 31 வரையிலான ஆண்டறிக்கை ஜூன் 30-க்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்குப் போக வேண்டும். மே மாதமே வரைவைக் கேட்டு வாங்குங்கள். கடைசி வாரத்தில் கைக்கு வந்தால் கையெழுத்துப் போடத்தான் நேரம் இருக்கும்.