வேலியடியில் ஒரு புலுனிக்குஞ்சு

மல்லாவியில் எங்கள் வளவின் பூவரச வேலியடியில் ஒரு புலுனிக்குஞ்சு, அதாவது தவிட்டுக்குருவிக் குஞ்சு, குந்தியிருந்தது. வால் இன்னும் கட்டை, வாயோரம் இரண்டும் மஞ்சளாய்த் தடித்திருந்தன. பெறாமகள் சிரட்டையில் தண்ணீரோடு ஓடிவந்தாள். "சித்தப்பா, தாய் விட்டிட்டுப் போட்டுது." அவளைக் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்குத் தள்ளிப்போய் நின்றேன். பத்து நிமிடம் ஆகவில்லை, ஒரு புலுனி வெட்டுக்கிளியோடு வந்தது. அது போக இன்னொன்று வந்தது. புலுனிகள் கூட்டமாய்ச் சீவிப்பவை. தாய் தகப்பன் மட்டுமல்ல, கூட்டத்தில் மற்றவையும் குஞ்சுக்கு இரை கொடுக்கும்.

அந்தக் குஞ்சு விழவில்லை, இறங்கியிருக்கிறது. இறகு முளைத்த குஞ்சுகள் சரியாகப் பறக்கப் பழகுமுன்பே கூட்டை விட்டுவிடும். ஏன்? எல்லாம் ஒரே கூட்டிலிருந்து கத்தினால் பாம்புக்கும் காகத்துக்கும் ஒரே இடத்தில் விருந்து. சிதறி இருந்தால் ஒன்றாவது தப்பும். ஆகவே இறகோடு தத்தித் திரியும் குஞ்சை அப்படியே விட்டுவிடுங்கள். பூனை நின்றால், ரோட்டோரம் என்றால், தூக்கிப் பக்கத்துப் பற்றைக்குள் வையுங்கள்.

மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்று அம்மம்மா காலத்திலிருந்து சொல்லிவருகிறோம். அது சரியல்ல. குஞ்சின் குரலும் அகலத் திறந்த வாயுமே தாயை இரை கொடுக்கத் தூண்டுகின்றன. கை பட்டதற்காக அது குஞ்சைக் கைவிடாது.

இறகில்லாமல், கண் மூடியபடி கிடப்பதுதான் உண்மையில் விழுந்தது. அதன் உடம்பால் தன் சூட்டைத் தானே காக்க முடியாது, தாய் அணைத்திருக்க வேண்டும். முதலில் உள்ளங்கைகளுக்குள் பொத்திச் சூடாக்குங்கள். பிறகு கூட்டில் வையுங்கள். கூடு பிய்ந்துபோயிருந்தால், கொண்டைக்குருவி போன்ற சின்னக் குருவிக்கு ஒரு கண்சிரட்டை போதும். மழைத்தண்ணீர் வடிய சிரட்டையின் கண்ணைத் துளைத்து, காய்ந்த புல் வைத்து, அதே கிளையில் கட்டிவிட்டு விலகி நில்லுங்கள்.

வாயில் தண்ணீர் வார்க்கவே வேண்டாம். குஞ்சு வாய் திறக்கும்போது பாருங்கள், நாக்குக்குப் பின்னால் சின்னக் கீறல்போல ஒரு துவாரம் தெரியும். அதுதான் மூச்சுக்குழல் வாசல். சொட்டுச் சொட்டாய் ஊற்றுவது நேரே அதற்குள் இறங்கிவிடும், நல்ல மனத்தோடு கொன்றுவிடுவோம். பாலும் கூடாது, பறவைக்குப் பால் செமிக்காது. குளிர்ந்துபோன குஞ்சுக்கு எந்தத் தீனியும் செமிக்காது.

பூனை கவ்விய குஞ்சென்றால் காயம் தெரியாவிட்டாலும் அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். பூனைப் பல்லில் உள்ள கிருமி விரைவாய் இரத்தத்தில் கலக்கும்.

வயல் வரம்பிலும் குளத்தோரத்திலும் காணும் ஆட்காட்டிக்குஞ்சு வேறு சாதி. பொரித்த கொஞ்ச நேரத்திலேயே ஓடும், தானே இரை பொறுக்கும். ஆபத்தென்று தாய் கத்தினால் மண்ணோடு மண்ணாய்ப் படுத்துவிடும். அசையாமல் கிடக்கிறதே, நோயோ என்று தூக்கவேண்டாம். தலைக்கு மேலே தாய் சுற்றிச் சுற்றிக் கத்துகிறதென்றால் குஞ்சு உங்கள் காலடியில்தான் எங்கேயோ கிடக்கிறது. நிலத்தைப் பார்த்துப் பார்த்து, வந்த வழியே திரும்பி நடவுங்கள்.