கால் ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து ஏழு வாரமான ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். "எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, மூட்டு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது என்கிறார் டாக்டர். தையல் ஆறிவிட்டது. பிசியோதெரபிஸ்ட் கையால் பிடித்து நீட்டினால் கால் முழுதாக நீள்கிறது. நானாக நீட்டினால் கடைசிக் கொஞ்சம் மட்டும் நீள மாட்டேன் என்கிறது. வலி தடுக்கிறது என்றும் சொல்ல முடியாது. நீளு என்கிறேன், அது கேட்கவில்லை, அவ்வளவுதான். மனசு வைத்தால் முடியும் என்கிறார்கள் வீட்டில். எனக்குத்தான் மனசில்லையா?"

மனசெல்லாம் இருக்கிறது. அது போட்ட உத்தரவு தொடைக்குப் போய்ச் சேரவில்லை. வழியில், முதுகுத் தண்டுவடத்தில், ஒரு பிரேக் விழுந்திருக்கிறது. அந்த பிரேக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அறுவையை வேகமாகப் பார்த்துவிடலாம். மூட்டு மாற்று என்ற பெயரைக் கேட்டால் பழைய மூட்டை அப்படியே கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவது போலத் தோன்றும். உண்மையில் இது பல்லுக்குத் தொப்பி போடுவது மாதிரி. தொடையெலும்பின் கீழ்முனையிலும் கணுக்கால் பக்கம் இறங்கும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலும் தேய்ந்த பரப்பைச் சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி எடுக்கிறார்கள். மேலே கோபால்ட்-குரோமியம் கலந்த உலோக உறை, கீழே பெரும்பாலும் டைட்டானியத் தட்டு, இரண்டுக்கும் நடுவே வழவழப்பான பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். 1970-களின் தொடக்கத்தில் ஜான் இன்சால் போன்ற அறுவை மருத்துவர்கள் உருவாக்கிய வடிவம்தான் பல மாற்றங்களோடு இன்றும் தொடர்கிறது. பக்கவாட்டுத் தசைநார்கள், மூட்டைச் சுற்றியுள்ள உறை, தொடைத் தசைகள், நரம்புகள் எல்லாம் பழையவைதான். உலோகத்துக்கு வலி தெரியாது, வீக்கம் வராது. ஆறவேண்டியது முழுக்க இந்தப் பழைய சதைதான். தோல் இரண்டு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே தழும்பு முறுக்கேறி, பிறகு தளர்ந்து, திசு ஒரு நிலைக்கு வர மாதங்கள் ஆகும். முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் வந்துவிடும். மீதி மெல்ல மெல்ல ஒரு வருடம் வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் வந்துகொண்டிருக்கும்.

சரி, தொடைக்கு வருவோம். தொடையின் முன்பக்கத்தில் நான்கு தசைகள் சேர்ந்த ஒரு கட்டு இருக்கிறது. பெயர் குவாட்ரிசெப்ஸ். முட்டிச்சில்லை மேலே இழுத்துக் காலை நீட்டுவது இதுதான். நாற்காலியிலிருந்து எழுவது, படி ஏறுவது, நடக்கும்போது முழங்கால் மடிந்துவிடாமல் தாங்குவது எல்லாம் இதன் வேலை. அறுவைக்குப் பின் ஒரு மாதத்தில் இந்தத் தசையின் பலம் எவ்வளவு குறைகிறது என்று அளந்து, 2005-ல் ஓர் ஆய்வு வெளியானது. அறுவைக்கு முன்பு இருந்ததைவிட 62 சதவீதம் குறைவு! அறுவைக்கு முந்தைய பலமே பல வருட மூட்டுத் தேய்மானத்தால் வற்றிப்போன பலம்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கடனோடு உள்ளே போனவர் பெருங்கடனோடு வெளியே வருகிறார்.

தசை மெலிந்துவிட்டது, அதனால் பலம் போய்விட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதே ஆய்வில் தசையின் பருமனையும் அளந்தார்கள். குறைந்தது 10 சதவீதம்தான். பத்து சதவீதம் மெலிந்த தசை எப்படி அறுபது சதவீதம் பலத்தை இழக்கும்?

விடை சொல்ல ஓர் அழகான சோதனை உண்டு. 1954-ல் மெர்ட்டன் என்ற ஆங்கில உடலியலாளர் வெளியிட்டது. ஒருவரைத் தன் முழு பலத்தையும் போட்டுத் தசையை இறுக்கச் சொல்கிறோம். "இதற்கு மேல் முடியாது" என்று அவர் பல்லைக் கடிக்கும் அந்த நொடியில், தசைக்குப் போகும் நரம்பில் வெளியிலிருந்து ஒரு சின்ன மின் அதிர்ச்சி கொடுக்கிறோம். அவர் உண்மையிலேயே எல்லாவற்றையும் போட்டுவிட்டார் என்றால், அதிர்ச்சியால் கூடுதல் விசை எதுவும் வராது. அப்படி வந்தால், தசைக்குள் இன்னும் சரக்கு இருக்கிறது, இவரால் அதை எடுக்க முடியவில்லை என்று பொருள். மூட்டு மாற்றியவர்களிடம் இதே வகைச் சோதனையைச் செய்தபோது சரக்கு மிச்சம் இருந்தது. பலம் போனதற்கு, தசை மெலிந்ததைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பங்கு இந்த எடுக்க முடியாத நிலைக்குத்தான் என்று கணக்கிட்டார்கள்.

யார் எடுக்க விடாமல் தடுக்கிறார்கள்?

மூட்டுக்குள் கோத்துக்கொண்ட நீர். வலியோ பயமோகூட இல்லை, வெறும் நீர். 1965-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். முழங்காலுக்குள் திரவத்தைச் செலுத்தி உப்ப வைத்தால் குவாட்ரிசெப்ஸ் சோர்ந்துபோகிறது. 1984-ல் இன்னொரு குழு ஆரோக்கியமான ஆட்களின் முழங்காலில் உப்புநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தது. 20 முதல் 30 மில்லிலிட்டர் போனதும் தொடையின் உட்பக்கத் தசை அடங்க ஆரம்பித்தது. 50, 60-ஐத் தொட்டபோது நடுத்தசையும் வெளிப்பக்கத் தசையும் அதன் பின்னால் போயின. 30 மில்லி என்பது இரண்டு மேசைக்கரண்டி! நோயில்லை, காயமில்லை, அறுவையில்லை. நல்ல காலில் இரண்டு கரண்டி உப்புநீர், தொடை சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. அறுவை முடிந்த முழங்காலில் ரத்தமும் நீருமாகச் சேர்வது இதைவிட அதிகம்.

இந்தத் தடை நிகழும் இடம் மூளை இல்லை என்பதுதான் எனக்கு மெய்சிலிர்க்கும் பகுதி. டாக்டர் முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினால் கால் தானாக உதைக்கிறதே, அதே சுற்றுப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். தசையிலிருந்து செய்தி தண்டுவடத்துக்குப் போகிறது. அங்கே தசையை இயக்கும் நரம்பணுவைத் தொடுகிறது. உடனே உத்தரவு தசைக்குத் திரும்புகிறது. மூளையைக் கேட்பதே இல்லை. சுத்தியலுக்குப் பதிலாக மின் துடிப்பால் இதே சுற்றைத் தூண்டி, தசையின் பதிலை அளக்கலாம். ஜெர்மன் உடலியலாளர் பால் ஹாஃப்மன் நூறு வருடத்துக்கு முன்பே கண்ட வழி. 1984 ஆய்வில் அளந்ததும் இதைத்தான். நீர் ஏற ஏற இந்தப் பதில் சுருங்கிக்கொண்டே வந்தது. மனசு, தைரியம், சோம்பல் எதற்கும் இந்தச் சுற்றில் இடமே கிடையாது. அப்படியும் அது அடங்குகிறது என்றால், பிரேக் தண்டுவடத்திலேயே விழுகிறது என்றுதானே பொருள்?

மூட்டுறையின் சுவரில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. உறை உப்பி இறுகும்போது அவை ஓயாமல் செய்தி அனுப்புகின்றன. அந்தச் செய்தி தண்டுவடத்தில் நடுவே நின்று செய்தியைக் கைமாற்றும் இடைநரம்பணுக்களை எழுப்புகிறது. அவை குவாட்ரிசெப்ஸை இயக்கும் நரம்பணுக்களின் வாயைப் பொத்துகின்றன. மூளையிலிருந்து 'நீட்டு' என்ற உத்தரவு வரும்போது அதைக் கேட்டு நடக்க எல்லோரும் விழித்திருப்பதில்லை. முழங்காலுக்குள் மரப்பு மருந்து போட்டு அந்த நரம்பு முனைகளை ஊமையாக்கினால் பிரேக் தளர்ந்துவிடும்.

உடல் ஏன் இப்படிச் செய்கிறது? அடிபட்ட மூட்டில் முழு விசையைப் போடாமல் காப்பதற்கு என்பது பலரும் சொல்லும் விளக்கம். உப்பிய முழங்காலில் குவாட்ரிசெப்ஸ் இறுகினால் உள்ளழுத்தம் ஏறும், உறை இன்னும் இழுபடும். சில நாளைக்கு அந்தப் பாதுகாப்பு நல்லதுதான். வாரக்கணக்கில் நீடித்தால், காக்க வந்ததே காலை வாரிவிடுகிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு பொறி தலையணை. அமெடே பொனே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டில் சடலங்களின் மூட்டுகளுக்குள் திரவத்தைச் செலுத்திப் பார்த்தார். உள்ளே நிரம்ப நிரம்ப, முழங்கால் தானாகவே மடங்கிக்கொண்டது. கொஞ்சம் மடங்கிய நிலையில்தான் மூட்டுறைக்குள் இடம் அதிகம், அழுத்தம் குறைவு. அதனால்தான் வீங்கிய முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் அப்படி ஒரு சுகம். ஆனால் மணிக்கணக்கில் அப்படியே கிடந்தால் பின்பக்கத் திசு அந்த நீளத்திலேயே இறுகிவிடும். அப்புறம் கால் முழுதாக நீளாது. உயர்த்தி வைக்க வேண்டுமானால் தலையணையைக் குதிகாலுக்கு அடியில் கொடுங்கள், முழங்கால் நேராக இருக்கட்டும். அதில் சுகம் இருக்காதுதான்.

பிரேக் எங்கே என்று தெரிந்துவிட்டால், செய்யச் சொல்லும் ஒவ்வொன்றும் ஏன் என்று புரிந்துவிடும். ஐஸ் ஒத்தடம் வலியைக் குறைக்க மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உப்புநீர் ஏற்றிய முழங்காலில் அரை மணி நேரம் ஐஸ் வைத்தபோது, அடங்கியிருந்த அந்தத் தண்டுவடப் பதில் மீண்டும் எழுந்ததை அளந்திருக்கிறார்கள். எனவே துணி சுற்றி ஐஸ் வைத்து, எடுத்த கையோடு பயிற்சி செய்வதில் அர்த்தம் இருக்கிறது. தொடையில் ஒட்டிக்கொள்ளும் மின்தூண்டல் கருவியும் இப்படித்தான். தண்டுவடத்தில் மறியல் நடக்கும்போது, நேராகத் தசைக்குப் போகும் நரம்பையே தட்டி எழுப்பும் குறுக்குவழி அது. 2012-ல் வெளியான ஒரு சோதனையில், அறுவை முடிந்து இரண்டு நாளிலேயே இதைத் தொடங்கி ஆறு வாரம் செய்தவர்களுக்குத் தொடை பலம் விரைவாகத் திரும்பியது. யாருக்கு ஏற்றது என்பதை மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும்தான் முடிவு செய்ய வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

அதைவிட முக்கியமானது ஒன்று. 'நிறைய நடந்தால் சீக்கிரம் சரியாகும்' என்ற கணக்கு இங்கே தப்பு. அளவுக்கு மீறி நடந்தால் மூட்டு வீங்கும். வீங்கினால் பிரேக் இறுகும். தொடை அடங்கும், நடை கோணும், மறுபடி வீங்கும். நேற்று நடந்தது அதிகமா என்பதை இன்று காலை முழங்காலே சொல்லிவிடும். முட்டிச்சில்லுக்கு நடுவே ஒரு அளவுநாடாவைச் சுற்றித் தினமும் அதே நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள். ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தால் இன்று நடையைக் குறைத்து, காலை நீட்டித் தொடையை இறுக்கும் பயிற்சியை மட்டும் செய்யலாம். வலிமையான மனசு என்று பாராட்டு வாங்குபவர்கள்தான் இந்தச் சுழலில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இங்கே ஒரு மனத்தாங்கலைக் கொட்டிவிடுகிறேன். புதுப்புது உலோகம், புதுப்புது வடிவம், அறுவை செய்யும் ரோபோ என்று பணம் கொட்டுகிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி இல்லை என்கிறார்கள். அதற்குக் காரணங்கள் பல. தூங்கிக்கிடக்கும் ஒரு தொடைத் தசையை எப்படி எழுப்புவது என்ற ஆராய்ச்சிக்கு உலோக வியாபாரத்தில் பாதி ஆர்வமாவது இருந்திருந்தால் இன்னும் எவ்வளவோ தெரிந்திருக்கும். தசைக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது, அதுதான் சிக்கல். அப்புறம், மூட நம்பிக்கை என்றால் நாம் தாயத்தைத்தான் நினைக்கிறோம். 'மனசு வைத்தால் எதுவும் முடியும்' என்பதும் அதே வகைதான் என்பது என் கட்சி. பலிக்காவிட்டால் பழி நோயாளி மேலேயே விழும்படி அமைந்த மந்திரம் அது.

ஏழாவது வாரத்தில் பயமுறுத்தும் வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். முழங்காலின் வெளிப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு மரத்துப்போயிருக்கும். தோலைக் கீறும்போது ஒரு சின்ன உணர்ச்சி நரம்பு அறுபடுவதால் வருவது. மரத்த பரப்பு மெல்லச் சுருங்கும், கொஞ்சம் நிரந்தரமாகத் தங்கவும் செய்யும். நடக்கும்போது 'டக் டக்' என்ற சத்தம் உலோகம் பிளாஸ்டிக்கில் படுவது. மற்றக் காலைவிடச் சூடாக இருப்பது மாதக்கணக்கில் நீடிக்கலாம். இரவில் தூக்கம் கெடுவதும் சகஜம். ஆனால் கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தக்கட்டியாக இருக்கலாம். காய்ச்சல், காயத்தில் கசிவு, நாளுக்கு நாள் கூடும் சிவப்பு, நன்றாக மடங்கிக்கொண்டிருந்த கால் திடீரென்று மடங்காமல் போவது, இவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. மடக்கும் அளவு வாரக்கணக்கில் அசையாமல் நின்றுவிட்டால், அதையும் சீக்கிரமே அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். தழும்பு முற்றிய பிறகு அதைத் தளர்த்துவது கடினம்.

கடிதம் எழுதியவருக்கு ஒரு வேலை. காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிச்சில்லின் மேல் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்துவது போலத் தொடையை இறுக்குங்கள். முதலில் நல்ல காலில் செய்யுங்கள், சில்லு வழுக்கிக்கொண்டு தொடைப்பக்கம் ஏறும். பிறகு மற்றக் காலில். நூல் அளவுக்கு நகர்ந்தாலும் உத்தரவு போய்ச் சேருகிறது என்று அர்த்தம்.

என் பெரியம்மாவுக்கு முழங்கால் மாற்றியபோது அந்த நூல் அளவு வர நாலாவது வாரம் ஆனது. அதுவரை "முயற்சியே பண்ண மாட்டேங்கிறீங்க" என்று தினமும் போனில் அவரைத் திட்டியவன் நான். இதையெல்லாம் படித்துவிட்டுப் பின்னாளில் போய் விளக்கினேன். இரண்டு கரண்டி உப்புநீர் கதையைப் பொறுமையாகக் கேட்டார். "ஏன்டா, இதை முதல்லயே படிச்சிருக்கக் கூடாதா?" என்றார்.