பின்விளக்கு எரியவில்லை என்றால் பியூஸைப் பெரிதாக்காதீர்கள்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து சென்ற வாரம் ஒரு கார் பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் பட்டறைக்குக் கட்டி இழுத்து வரப்பட்டது. பின்விளக்கையும் சேர்த்து எரியவைக்கும் பார்க் லைட்டைப் போடும்போதெல்லாம் பியூஸ் போய்க்கொண்டிருந்ததால், உரிமையாளர் வீட்டு வாசலிலேயே 10 ஆம்பியர் சிவப்புப் பியூஸைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் 30 ஆம்பியர் பச்சைப் பியூஸைச் செருகியிருக்கிறார். விளக்கும் எரிந்திருக்கிறது. வேலை முடிந்தது என்று குடும்பத்தோடு புறப்பட்டவர் வீரவநல்லூரைத் தாண்டுவதற்குள் பின்சீட்டின் ஓரத்திலிருந்து புகை கிளம்பியிருக்கிறது. நாங்கள் சீட்டைத் தூக்கிப் பார்த்தபோது பின்பக்க ஒயர்கள் அனைத்தும் உருகி ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய பழுது, முழு ஒயரிங்கையும் மாற்றும் செலவில் வந்து நின்றது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் இதே கதையை வேறு வேறு கார்களில் பார்த்து அலுத்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

"அண்ணாச்சி, பியூஸ் நிக்கவே மாட்டேங்கு, பெருசா ஒண்ணு போட்டு விடுங்க" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்ல விரும்புகிறேன். காரின் நான்கு மூலைகளிலும் உள்ள பார்க் லைட் பல்புகள் பொதுவாக 5 வாட் அளவுள்ளவை. நம்பர் பிளேட் விளக்கையும் மீட்டர் போர்டு வெளிச்சத்தையும் சேர்த்துக்கொண்டால்கூட மொத்தம் 30 வாட் அளவில் நிற்கும். 12 வோல்ட்டில் அது இரண்டரை ஆம்பியர். பிரேக் விளக்கு ஒவ்வொன்றும் 21 வாட். பின்கண்ணாடிக்கு அருகில் இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கையும் அதே அளவு என்றே வைத்துக்கொண்டாலும் 63 வாட், அதாவது ஐந்து ஆம்பியரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இரண்டரை ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 10 ஆம்பியர் பியூஸ் எரிந்துபோகிறது என்றால், தேவையைவிட நான்கு மடங்குக்கும் மேலான மின்சாரம் விளக்குக்குப் போகாமல் வேறு எங்கோ பாய்கிறது என்று பொருள். பியூஸ் பலவீனமாக இருந்ததால் போகவில்லை. சரியாக இருந்ததால்தான் போனது.

இதைப் புரிந்துகொள்ளாததற்குக் காரணம், பியூஸ் என்பது பல்பைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்டது என்று பலரும் நினைத்துக்கொண்டிருப்பதே. பல்பைப் பற்றிப் பியூஸுக்குக் கவலையே இல்லை. அது காப்பது ஒயரை. பின்விளக்குக்குச் செல்லும் ஒயர் மிக மெல்லியது. அந்த ஒயர் எவ்வளவு மின்சாரத்தைச் சூடாகாமல் தாங்குமோ அதைப் பார்த்துத்தான் பியூஸின் அளவைக் கம்பெனியில் முடிவு செய்கிறார்கள். நீங்கள் 30 ஆம்பியர் பியூஸைப் போட்டதால் ஒயர் தடிமனாகிவிடாது. முன்பு பியூஸ் எரிந்தது. இனி அந்த வரிசையில் அடுத்துப் பலவீனமான பொருள் எதுவோ அது எரியும், அந்தப் பொருள் உங்கள் காலடி விரிப்புக்கும் பின்சீட்டுக்கும் அடியில் ஓடுகிற ஒயர். பல கார்களில் பெட்ரோல் பம்புக்குப் போகும் ஒயரும் அந்தப் பக்கம்தான் செல்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் வீடுகளில் பீங்கான் பியூஸ் கட்டை போனால், மெல்லிய கம்பிக்குப் பதிலாகத் தடிமனான செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டு, "இனிமேல் போகாது" என்று பெருமைப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பழக்கம் இன்று காருக்கு வந்திருக்கிறது. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளைச் சுற்றிச் செருகப்பட்ட பியூஸையும் நான் கழற்றியிருக்கிறேன். எங்கள் தொழிலில் இருப்பவர்களிலேயே சிலர், வாடிக்கையாளர் அவசரப்படுகிறார் என்று இதைச் செய்து கொடுக்கிறார்கள் என்பது வெட்கத்துக்குரிய உண்மை.

ஆகவே போன பியூஸுக்குப் பதிலாக அதே அளவுள்ள பியூஸை ஒரு முறை மட்டும் போட்டுப் பாருங்கள். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை; பியூஸ் பெட்டியின் மூடியிலேயே எந்த இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். இரண்டாவது முறையும் போனால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எங்கோ ஒயர் காரின் இரும்புப் பாடியைத் தொடுகிறது. டிக்கிக் கதவிலேயே விளக்கு இருக்கும் கார்களில், கீலுக்கு அருகில் உள்ள ரப்பர்க் குழாய்க்குள் ஒயர் மடங்கி மடங்கி உறை வெடித்திருப்பது நாங்கள் முதலில் தேடும் இடம். அடுத்து, பின்னால் பார்க்கும் கேமராவுக்கோ அலங்கார எல்.இ.டி. பட்டைக்கோ பின்விளக்கு ஒயரை அறுத்து முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றப்பட்ட ஜாயிண்ட். அந்த டேப்பின் பசை நமது வெயிலில் இளகி, சுற்று தானாகவே அவிழ்ந்துவிடும்.

பியூஸ் நன்றாக இருந்து விளக்கு மட்டும் எரியவில்லை என்றால், வீட்டிலேயே நீங்கள் பார்க்கக்கூடியவை நிறைய உண்டு. முதலில் காரைச் சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தி, இருட்டில் பார்க் லைட், பிரேக், இன்டிகேட்டர் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுவரில் விழும் வெளிச்சத்தைக் கண்ணாடியில் பாருங்கள். எது எரியவில்லை என்பதைவிட, எவையெல்லாம் சேர்ந்து எரியவில்லை என்பதுதான் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் இல்லையென்றால் பழுது அந்த மூலையிலேயே இருக்கும். பல்பு, ஹோல்டர், எர்த் (மின்சாரம் பல்பிலிருந்து காரின் இரும்புப் பாடிக்குத் திரும்பும் இணைப்பு) ஆகிய மூன்றில் ஒன்று. மூன்று பிரேக் விளக்குகளும் ஒன்றாகப் போய்விட்டால் பல்பைக் கழற்றி நேரத்தை வீணாக்காதீர்கள், பியூஸையும் பிரேக் பெடலுக்கு மேலே உள்ள சிறிய சுவிட்சையும் பாருங்கள். காரை நிறுத்தி இறங்கிய பிறகும் பிரேக் விளக்கு அணையாமல் எரிந்தால், அந்தச் சுவிட்சை அழுத்துவதற்காகப் பெடலில் பொருத்தப்பட்டிருக்கும் சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பொத்தான் பொடிந்திருக்க வாய்ப்பு அதிகம். அதன் துணுக்குகள் கால் விரிப்பில் கிடக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் காலையில் பேட்டரி இறங்கியிருக்கும்.

பல்பைக் கழற்றும் முன் சாவியையும் விளக்குச் சுவிட்சையும் அணைத்து, பல்பு ஆறும்வரை பொறுத்திருங்கள். பல்பைக் கண்ணால் பார்த்து நல்லது கெட்டது சொல்லாதீர்கள். இடப்பக்கப் பல்பை வலப்பக்கத்தில் மாட்டிப் பார்ப்பதே செலவில்லாத சோதனை. பின்விளக்கும் பிரேக் விளக்கும் ஒன்றாக இருக்கும் பல்பில் 5 வாட்டும் 21 வாட்டுமாக இரண்டு இழைகள் இருக்கும்; அடியில் இரண்டு ஈயப் புள்ளிகள் இருக்கும்; பக்கவாட்டில் உள்ள இரு முளைகளும் வேண்டுமென்றே ஏற்ற இறக்கமாக வைக்கப்பட்டிருக்கும். உள்ளே போகவில்லை என்றால் திருப்பிப் பிடித்துப் போட வேண்டுமே தவிர, பலம் முழுவதையும் காட்டித் திணிக்கக் கூடாது. ஒற்றைப் புள்ளிப் பல்பை அந்த இடத்தில் அழுத்திச் செருகினால் அதன் ஒரே புள்ளி உள்ளே இருக்கும் இரண்டு தகடுகளையும் இணைத்துவிடும். பிரேக்கை மிதித்தால் மீட்டர் போர்டு விளக்கு எரிகிறது என்று ஆச்சரியத்தோடு வருகிறவர்களில் பலர் அப்படிச் செருகியவர்கள்தான். அதிக வெளிச்சத்துக்காக வாட் கூடிய பல்பை மாட்டுவதும் வேண்டாம். பல்பு தாங்கும், பிளாஸ்டிக் ஹோல்டர் தாங்காது.

பல்பு நன்றாக இருந்தும் விளக்கு மங்கலாக எரிந்தால், அல்லது இன்டிகேட்டர் போடும்போது பின்விளக்கும் சேர்ந்து துடித்தால், அல்லது பிரேக்கை மிதித்ததும் எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்தால், பழுது எர்த்தில் இருக்கிறது. அந்த மூலையில் உள்ள எல்லாப் பல்புகளுக்கும் பொதுவாக ஒரே எர்த் ஒயர்தான். நமது பகுதியில் இதுவே மிக அதிகமாக வரும் பழுது என்று என்னால் தயங்காமல் சொல்ல முடியும். உவரி, கூடங்குளம், திருச்செந்தூர் பக்கத்துக் கார்களில் உப்புக் காற்று அந்த எர்த் போல்ட்டை அரித்துவிடுகிறது. குற்றாலச் சாரலில் நாள் முழுவதும் நின்ற கார்கள், வாட்டர் சர்வீஸில் அதிவேகத் தண்ணீரைப் பின்விளக்கின் இடுக்கிலேயே பாய்ச்சிய கார்கள், 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கார்கள் ஆகியவையும் இதே வரிசையில் வருகின்றன. வெள்ளத்தில் நின்ற கார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியே உறை புதிதுபோல் இருக்கும்; சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு முழுவதும் பச்சைக் களிம்பாக உதிரும். அப்படிப்பட்ட ஒயரை ஒட்டுப்போட்டுப் பயனில்லை, களிம்பு முடியும் இடம் வரை மாற்றத்தான் வேண்டும்.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் விளக்கை எரியவிட்டு, ஹோல்டரின் எர்த் முனைக்கும் பெயின்ட் இல்லாத பாடி இரும்புக்கும் இடையே வோல்ட் அளவைப் பாருங்கள். கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்ட வேண்டும். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. டிக்கியின் உட்பக்க அட்டையை விலக்கினால் பெரும்பாலும் அந்த எர்த் போல்ட் தெரியும். அதைக் கழற்றி, முனையையும் அது உட்காரும் இரும்பையும் மெல்லிய உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கிப் பூட்டிய பின் மேலே சிறிது வாசலின் தடவிவிடுங்கள். ஹோல்டரின் தகடுகளில் களிம்பு இருந்தால் அதையும் சுரண்டலாம், ஆனால் சாவி அணைந்திருக்கும்போது மட்டும்.

விளக்குக்குள் மழைக்குப் பின் லேசாக ஆவி படிந்து வெயிலில் மறைந்தால் கவலை வேண்டாம். தண்ணீர் தேங்கி ஆடினால் பின்பக்க ரப்பர் வாஷர் போய்விட்டது என்று பொருள். அதற்காக விளக்கின் அடியில் ஆணியைச் சூடாக்கித் துளை போடுவதும், காற்றுப் போக வைத்திருக்கும் துளையைச் சிலிக்கான் பசையால் அடைப்பதும் தயவுசெய்து வேண்டாம். கம்பெனியிலேயே எல்.இ.டி. விளக்கோடு வந்த கார்களில் விளக்கைப் பிரிக்கவே முயலாதீர்கள். கப்ளர், அதாவது ஒயர்களை விளக்கோடு சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு, சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதோடு உங்கள் பங்கு முடிந்தது. பின்விளக்கின் மேல் கறுப்புத் தாள் ஒட்டிக்கொண்டு வருபவர்களிடம் சொல்வதற்கு என்னிடம் மரியாதையான சொற்கள் இல்லை.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்கள், கயத்தாற்றிலிருந்து நாங்குநேரி, வள்ளியூர் வழியாகச் செல்லும் நான்கு வழிச்சாலையில் ஓர் இரவு ஓட்டிப் பார்க்கலாம். பின்னால் 155 மீட்டர் தூரத்திலிருந்து சிவப்பு விளக்கு தெரிய வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற ஒரு பேருந்து அந்தத் தூரத்தை ஐந்தரை விநாடியில் கடந்துவிடும். உங்கள் பின்விளக்கு அணைந்திருப்பது உங்களுக்குத் தெரியாது, அந்த ஓட்டுநருக்கும் நெருங்கி வந்த பிறகுதான் தெரியும். மாதத்துக்கு ஒரு முறையேனும் யாரையாவது பின்னால் நிற்கவைத்துப் பிரேக்கை மிதித்துப் பாருங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

எலக்ட்ரீஷியனிடம் வரும்போது எரிந்த பியூஸையும் கழற்றிய பல்பையும் எறிந்துவிடாமல் ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டு வாருங்கள். விளக்கு போன நேரத்தில் பார்க் லைட் போட்டிருந்தீர்களா, பிரேக்கை மிதித்தீர்களா, டிக்கியைத் திறந்து மூடினீர்களா, பள்ளத்தில் இறங்கினீர்களா என்பதையும், அதற்கு முந்தைய நாட்களில் காரில் புதிதாக எதையாவது மாட்டினீர்களா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கேமரா மாட்டியதைச் சொன்னால் திட்டுவேன் என்று மறைத்தவரின் காரில் அரை நாள் தேடியிருக்கிறோம். அந்த அரை நாளின் கூலியையும் அவர்தான் கொடுத்தார்.