கதவு திறந்துதானே இருந்தது என்று கேட்காதீர்கள்

ஆள்கடத்தலில் சிக்கி மீண்டவர்களுக்கு மனநல ஆலோசனை தருவது என் வேலை. அவர்களை அழைத்துப்போக வரும் குடும்பத்தார் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "கதவு திறந்துதானே இருந்திருக்கு? கையில போன் வேற இருந்திருக்கு. அப்புறம் ஏன் ஓடி வரல?" அண்மையில் ஓர் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு இன்னொன்றும் சொன்னார். "படத்துல எல்லாம் கட்டிப் போட்டிருப்பாங்க. இவளைக் கட்டிக்கூடப் போடலையே." அவருடைய தங்கை அப்போது பக்கத்து அறையில்தான் இருந்தார். அது அவர் காதில் விழுந்திருக்கிறது என்பது அடுத்த முறை அவரைப் பார்த்தபோது புரிந்தது. பல வாரங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கியிருந்தவர் மறுபடி வாயை மூடிக்கொண்டார். இதற்கு மேலும் எழுதாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த அண்ணன் எந்தப் படத்தைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஆள்கடத்தலை வைத்துச் சிறு பட்ஜெட்டில் எடுக்கப்படும் ஆக்‌ஷன் த்ரில்லர்களில் கதை அநேகமாக ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. நாயகன் ஒரு காலத்தில் அடியாளாகவோ கூலிக் கொலைகாரனாகவோ இருந்தவன். செய்த பாவம் அவனைத் தூங்கவிடாது. முன்பின் தெரியாத ஒரு கும்பல் ஒரு பெண்ணை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு போகிறது. பாழடைந்த கிடங்கு, இருட்டு, சங்கிலி. விடிவதற்குள் அவளை வெளிநாட்டுக்குக் கடத்திவிடுவார்கள் என்று ஒரு கெடு. நாயகன் தனியாளாகப் புகுந்து எல்லோரையும் வீழ்த்துகிறான், பூட்டை உடைக்கிறான், அவளை வெளியே கூட்டிவருகிறான். அவன் பாவம் கழிகிறது, படம் முடிகிறது. அவளுடைய பெயர்கூடச் சில படங்களில் சரியாக மனதில் நிற்பதில்லை.

எடுப்பவர்களின் எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. பலர் உண்மையான அக்கறையோடுதான் எடுக்கிறார்கள். கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு கிடங்கும் நான்கைந்து சண்டைக் கலைஞர்களும்தான் கிடைப்பார்கள் என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பூட்டு ஒரு பெரிய பொய்யைச் சொல்கிறது. அந்தப் பொய்யை நம்பியவர்கள் என் அறைக்கு வந்து, மீண்டவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்கள்.

பூட்டு ஏன் தேவைப்படுவதில்லை என்று பொறுமையாகச் சொல்கிறேன். வேலை தருவதாக அழைத்துப்போகும் ஏஜென்ட், பயணச் செலவு, விசா, தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் கணக்கில் எழுதுகிறார். போய்ச் சேரும்போதே கடனாளி. சம்பளத்தில் கழித்துக்கொள்வதாகச் சொல்வார்கள். தாமதத்துக்கு அபராதம், உடம்பு சரியில்லாத நாளுக்கு அபராதம் என்று கடன் ஏறிக்கொண்டே போகும். பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கும். விசாக் காலம் முடிந்திருக்கும். "வெளியே போ, போலீஸ் உன்னைத்தான் பிடிக்கும்" என்பார்கள். அது சில நேரம் உண்மையாகவே நடக்கும் என்பதால் அந்த மிரட்டல் பலிக்கிறது. ஊரில் இருக்கும் தம்பியின் பள்ளிக்கூடப் பெயர் அவர்களுக்குத் தெரியும். எடுத்து வைத்திருக்கும் படங்களை அப்பாவுக்கு அனுப்புவோம் என்பார்கள். இத்தனையும் தலைக்குள் இருக்கும் ஒருவருக்குக் கதவு திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன? போன் இருந்ததே என்கிறீர்கள். அந்தப் போனில்தான் மிரட்டலும் வந்தது. வீட்டுக்குப் பேசும்போது பக்கத்தில் ஓர் ஆள் நின்றார். "நல்லா இருக்கேன்மா" என்று அவர் சொன்னது உங்களிடம்தான்.

இன்னும் ஒன்று. மிரட்டுகிற அதே ஆள்தான் காய்ச்சல் வந்தபோது மாத்திரை வாங்கித் தந்திருப்பார், "உன்னை மட்டும் நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லியிருப்பார். அடிக்கிற கையே சோறும் போடும்போது மனம் அந்தக் கையையே பிடித்துக்கொள்கிறது. மீட்கப்பட்ட முதல் நாளில் கடத்தியவரைக் காப்பாற்றும்படி வாக்குமூலம் தருபவர்கள் பலர். உடன் வேலை பார்க்கும் அதிகாரிகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது: முதல் வாக்குமூலம் மாறினால் பொய் என்று எழுதிவிடாதீர்கள். அச்சத்தில் பதிந்த நினைவு தேதி வரிசையில் வெளியே வராது. "ஏன்" என்று தொடங்கும் கேள்வியை முதல் சந்திப்பில் நான் கேட்பதே இல்லை. அது விசாரணையாகத்தான் காதில் விழும்.

இதெல்லாம் ஏதோ ஆலோசகர்களின் இளகிய மனம் என்று நினைப்பவர்களுக்குச் சட்டத்தையே காட்டுகிறேன். ஐ.நா. பொதுச்சபை 2000 நவம்பரில் ஏற்றுக்கொண்ட பாலெர்மோ நெறிமுறை ஆள்கடத்தலை மூன்று கூறுகளாகப் பார்க்கிறது: ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, வைத்திருப்பது போன்ற செயல், அதற்குக் கையாளும் வழி, சுரண்டும் நோக்கம். வழி என்பதில் பலாத்காரத்தோடு ஏமாற்றும் இருக்கிறது, ஒருவருடைய கதியற்ற நிலையைப் பயன்படுத்திக்கொள்வதும் இருக்கிறது. அப்படிப் பெற்ற சம்மதம் சம்மதமே ஆகாது என்று அதே நெறிமுறை சொல்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் எந்த வழியில் சேர்த்தார்கள் என்றுகூடப் பார்க்க வேண்டியதில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்கு 11 அறிகுறிகளைப் பட்டியலிட்டிருக்கிறது. அதில் அடி உதை ஓர் அறிகுறி, நடமாட்டத்தைத் தடுப்பது ஓர் அறிகுறி. மற்றவை ஏமாற்று, கடன், சம்பளத்தைப் பிடித்து வைப்பது, ஆவணத்தைப் பறிப்பது, தனிமைப்படுத்துவது, மிரட்டுவது போன்றவை. படம் பார்ப்பவர் கண்ணில் படுவது அந்த முதல் இரண்டு மட்டும்.

வேனில் வந்த அந்நியர் என்பதும் இப்படித்தான். ஆளைச் சேர்ப்பவர் பெரும்பாலும் தெரிந்தவர். உறவுக்காரர், பழைய தோழி, காதலன், ஏற்கெனவே வெளிநாடு போய்வந்தவர். சர்வதேச இடம்பெயர்வு அமைப்பு 2017 இல் வெளியிட்ட தரவின்படி, அடையாளம் காணப்பட்ட குழந்தைக் கடத்தல்களில் கிட்டத்தட்டப் பாதியில் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்குப் பங்கு இருந்தது. பிள்ளைகளிடம் அந்நியரிடம் மிட்டாய் வாங்காதே என்று சொல்லி வளர்க்கிறோம். சித்தப்பா கூப்பிட்டால் என்ன செய்வது என்று சொல்லித் தருவதில்லை.

பலியாவது இளம்பெண்கள் மட்டும், நடப்பது பாலியல் தொழில் மட்டும் என்பது இன்னொரு திரைப்பழக்கம். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2022 மதிப்பீட்டில், எந்த ஒரு நாளிலும் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருக்கிறார்கள். அதில் கட்டாயப் பாலியல் சுரண்டலில் இருப்பவர்கள் 63 லட்சம். மற்றவர்களில் பெரும்பாலோர் வயலில், மீன்பிடிப் படகில், கட்டட வேலையில், தையல் கூடத்தில், யாரோ ஒருவருடைய சமையலறையில் இருக்கிறார்கள். ஆனால் கட்டாய உழைப்பால் ஆண்டுதோறும் குவியும் 23,600 கோடி டாலர் சட்டவிரோத லாபத்தில் முக்கால் பங்குக்குச் சற்றே குறைவானது பாலியல் சுரண்டலில் இருந்து வருவதாக அதே அமைப்பு 2024 இல் கணக்கிட்டது. அதனால் அந்தப் பக்கம் சினிமா திரும்புவதில் நியாயம் இல்லாமல் இல்லை. அங்கேயே நின்றுவிடுவதுதான் என் வருத்தம்.

துப்பாக்கியோடு காவல் நிற்கும் இடங்களும் உண்டு. மியான்மரிலும் கம்போடியாவிலும் இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தும் வளாகங்களைச் சொல்கிறேன். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் அப்படி வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பலர் பட்டதாரிகள், கணினி தெரிந்தவர்கள், இரண்டு மூன்று மொழி பேசுபவர்கள். "படிச்சவன் எப்படி ஏமாறுவான்?" என்ற கேள்வியும் என் அறைக்கு வந்திருக்கிறது. நல்ல ஆங்கிலத்தில் நேர்காணல் நடத்தி, முறையான நியமனக் கடிதம் அனுப்பி, விமான டிக்கெட்டும் எடுத்துத் தந்தால் படித்தவர்தான் முதலில் நம்புவார். அங்கிருந்து மீண்டு வருகிறவரை மோசடிக்காரர் என்று விசாரிப்பதும் நடக்கிறது. கட்டாயத்தின் பேரில் செய்த குற்றத்துக்குப் பாதிக்கப்பட்டவரைத் தண்டிக்காமல் விட வழி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய கவுன்சிலின் 2005 ஆள்கடத்தல் எதிர்ப்பு உடன்படிக்கை 26 ஆம் பிரிவிலேயே எழுதிவைத்திருக்கிறது. அந்தப் பிரிவைத் தெரியாத வழக்கறிஞர்களை இன்றும் சந்திக்கிறேன்.

சரி, பிராயச்சித்தத்துக்கு வருவோம். இந்தப் படங்களின் உயிரே அதுதான் என்பதால் அதைத் தள்ளிவிட முடியாது. என் அனுபவத்தில், மனம் திருந்தும் முன்னாள் அடியாளை விட அதிகம் பார்த்தது, ஒரு காலத்தில் தானே கடத்தப்பட்டு, பிறகு கடன் குறையும் என்றோ அடி நிற்கும் என்றோ அடுத்த பெண்ணைச் சேர்த்துவிட்டவர்களை. சட்டம் அவரைக் குற்றவாளி என்கிறது. அவர் முதுகிலும் தழும்பு இருக்கிறது. அவர் திரும்பி வந்து, தான் சேர்த்துவிட்ட பெண்ணின் முன்னால் உட்கார வேண்டும் என்றால் என்ன சொல்வார்? அவரிடம் பெயர்கள் இருக்கின்றன, கணக்கு எண்கள் இருக்கின்றன. நீதிமன்றத்தில் அவற்றைச் சொன்னால் தன் தண்டனையையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அப்படிச் சொன்னவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் சாட்சி சொன்னதால் மற்றவர்களுக்குப் பிடித்துவைத்த சம்பளம் கிடைத்தது. அவரை மன்னிப்பதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்தான் முடிவு செய்தார், மன்னிக்கவில்லை. அதற்கும் அவருக்கு முழு உரிமை இருக்கிறது. ஒருவனுடைய பாவம் கழிவதற்காக இன்னொருத்தி கிளைமாக்ஸில் புன்னகைத்தே ஆக வேண்டும் என்று வைப்பது எனக்குக் கொடுமையாகப் படுகிறது.

படம் பார்த்த சூட்டில் நான்கு நண்பர்கள் சேர்ந்து கதவை உடைக்கப் போவதும் நடக்கிறது. தயவுசெய்து போகாதீர்கள். நீங்கள் ஒருவரை வெளியே கொண்டுவருவதற்குள் மற்றவர்களை இடம் மாற்றிவிடுவார்கள். கணக்குப் புத்தகம் எரியும், போன்கள் உடையும், வழக்கு நிற்காது. சந்தேகம் வந்தால் இடம், நேரம், வண்டி எண், பார்த்தது கேட்டது எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு காவல்துறைக்கோ உங்கள் நாட்டு உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள். அங்கே இருப்பவரிடம் "உன்னைக் காப்பாற்றுகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கூட வந்தவரே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னால், ஏதாவது பரிசோதனை என்று சொல்லி நோயாளியைத் தனியாகப் பாருங்கள். கூட வந்தவரை மொழிபெயர்க்க விடாதீர்கள். அடைபட்டிருப்பவர் வெளியாள் ஒருவரைச் சந்திக்கும் ஒரே இடம் பல நேரம் உங்கள் அறைதான்.

வேலைக்குப் போகிறவர்களே, சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். "போனதும் மாத்திக்கலாம்" என்பது வலை. பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் கொடுத்து வைக்காதீர்கள். அதன் நகல் வீட்டில் இருக்கட்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நிறுவனம் கொடுத்த எண்ணில் விசாரித்தால் நிறுவனம் சொல்வதைத்தான் கேட்பீர்கள், தூதரகத்தில் விசாரியுங்கள். ஆபத்து என்றால் பேச்சில் எந்தச் சொல்லைச் சொல்வது என்று கிளம்புமுன் வீட்டாரோடு பேசிவைத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சொல்லாக இருக்கட்டும், பக்கத்தில் நிற்பவருக்குப் புரியக் கூடாது.

திரும்பி வந்தவரின் குடும்பத்தாருக்கு: அவரைப் புகைப்படம் எடுத்து இணையத்தில் போடாதீர்கள். ஊருக்குப் பதில் சொல்வதற்காக அவசரமாகக் கல்யாணம் பேசாதீர்கள். கதவைத் திறந்து வைத்துத் தூங்குவதா மூடித் தூங்குவதா என்பது உட்பட, சின்னச் சின்ன முடிவுகளை அவரிடமே விடுங்கள். மாதக்கணக்கில் எந்த முடிவும் அவருடையதாக இருந்ததில்லை. பேசினால் கேளுங்கள். "அப்பவே சொல்லியிருந்தா" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கடைசியாகப் படம் எடுப்பவர்களுக்கு. உண்மையை எடுக்க உங்கள் பட்ஜெட்டே தாராளம். ஓர் அறை, ஒரு போன், ஒரு கடன் நோட்டு, திறந்த கதவு, வெளியே போகாத ஒருவர். பார்ப்பவரை இருக்கை நுனிக்குக் கொண்டுவர இதில் போதுமான பதற்றம் இருக்கிறது. பிராயச்சித்தக் கதைக்கு, தானே கடத்தப்பட்டு, பிறகு இன்னொருவரைச் சேர்த்துவிட்ட பெண்ணும் இருக்கிறார். திரைக்கதையைப் படப்பிடிப்புக்கு முன் இந்தத் துறையில் இருப்பவர்களிடம் காட்டுங்கள், நாங்கள் படித்துச் சொல்கிறோம். மீண்டவர் ஒருவரிடம் பேச வேண்டும் என்றால் அவருடைய ஆலோசகர் மூலமாக வாருங்கள். அவர் செலவிடும் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். அடையாளம் தெரியும் விவரங்களை மாற்றுங்கள், எழுதி முடித்ததை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். படம் வெளிவருவதற்கு முந்தைய நாள் அவர் "என் கதை வேண்டாம்" என்றாலும் அந்தப் பகுதியை எடுத்துவிடுவதாக முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.