"வாயுப் பிடிப்புதான் டாக்டர்"

மேல்வயிறு வலிக்கிறது, விலா வலிக்கிறது என்று வருபவர்களிடம் "எங்கே, காட்டுங்கள்" என்றுதான் ஆரம்பிப்பேன். சொல்வதைவிடக் கை என்ன செய்கிறது என்பதை கவனிப்பேன். சிலர் ஒரே விரலால் விலா எலும்பில் ஒரு புள்ளியைத் தொடுவார்கள். சிலர் உள்ளங்கையை வயிற்றின் மேல் வைத்து வட்டமாகத் தடவுவார்கள். விரல் காட்டும் வலி பெரும்பாலும் தசையிலோ குருத்தெலும்பிலோ இருக்கும். உள்ளங்கை காட்டும் வலி உள்ளுறுப்பிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். இது விதி இல்லை, பழக்கத்தில் படிந்த கணக்கு, அவ்வளவுதான். ஆனால் இரண்டு வகையினரும் அடுத்துச் சொல்வது ஒன்றேதான்: "வாயுப் பிடிப்புதான்னு நினைக்கிறேன் டாக்டர்."

அந்த வார்த்தையோடு எனக்கு ஒரு பழைய பகை உண்டு. சர்க்கரை நோய் உள்ள ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், இரண்டு இரவுகளாக மேல்வயிறு கனக்கிறது என்று அமிலம் குறைக்கும் மருந்தைத் தானே வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். நெஞ்சில் வலி துளியும் இல்லை. வியர்வை மட்டும் நெற்றியில் நின்றது. ஈசிஜி எடுத்தால், இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு.

இதயத்தின் அடிப்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தடுப்பான உதரவிதானத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. அதற்குக் கீழே இரைப்பை. வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியிலும் இரண்டுக்கும் பங்கு உண்டு. அதனால் எது வலிக்கிறது என்று மூளையே குழம்பிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள், வயதானவர்கள், பெண்கள் ஆகியோரிடம் இந்தக் குழப்பம் கூடுதலாகவே தெரியும். மருந்து குடித்ததும் கொஞ்சம் குறைந்தது என்பதை வைத்து இதயத்தை ஒதுக்கிவிடவும் முடியாது.

விலா எலும்புகள் நுரையீரலுக்கு மட்டும் கூடு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீழ் விலாக்களுக்குள் கல்லீரலும் மண்ணீரலும் இரைப்பையின் ஒரு பகுதியும் ஒளிந்திருக்கின்றன. போதாததற்கு, ஏழாவது விலாவுக்குக் கீழே ஓடும் நரம்புகள் அப்படியே முன்னால் வந்து வயிற்றுச் சுவருக்கு உணர்ச்சி கொடுக்கின்றன. ஆகவே நுரையீரலின் அடியில் நிமோனியா வந்தால் வயிறு வலிக்கலாம், முக்கியமாகக் குழந்தைகளுக்கு. முதுகெலும்பில் நரம்பு நசுங்கினாலும் வயிறு வலிக்கலாம். இரண்டு வீட்டுக்கும் ஒரே அழைப்பு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வலப்பக்க விலாவுக்குக் கீழே என்றால் முதலில் பித்தப்பையை நினைப்பேன். பித்தக்கல் வலியின் குணமே தனி. சாப்பிட்ட பிறகோ நள்ளிரவிலோ ஆரம்பித்து, ஏறி, அரைமணி முதல் சில மணி நேரம் வரை ஒரே சீராக நின்று, பிறகு இறங்கும். வலது தோள்பட்டை எலும்பு வரை போகும். படுத்தாலும் புரண்டாலும் ஆறுதல் கிடைக்காது. அதே இடத்தில் காய்ச்சலும் சேர்ந்துகொண்டால் பித்தப்பை அழற்சியா, கல்லீரலில் சீழ்க்கட்டியா என்று பார்க்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. வலியே தராத பித்தக்கல் ஏராளமானவர்களுக்கு இருக்கிறது. ஸ்கேனில் கல் தெரிந்துவிட்டதால் வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவுகட்டக் கூடாது. அறுவை சிகிச்சை முடிந்த பிறகும் அதே வலியோடு திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நடுவில் வலி என்றால் இரைப்பை. அல்சருக்குக் காரணம் கவலையும் காரமும் என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பியது. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984-ல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு பெரிய காரணம், மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் கேட்பாரில்லாமல் விழுங்கும் வலி மாத்திரை. நடுவில் ஆரம்பித்து முதுகைத் துளைக்கும் வலி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுக் குறைகிறது, வாந்தி நிற்கவில்லை என்றால் கணையம். அது வீட்டில் வைத்துப் பார்க்கும் வியாதி இல்லை.

விலாவைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் பட்டை போட்டதுபோல எரிகிறதா? சட்டை பட்டாலே கூசுகிறதா? சில நாள் பொறுத்துக் கொப்புளம் வந்தால் அது அக்கி. கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால் பலன் அதிகம்.

எவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி. தொட முடியாதபடி பலகையாக இறுகிய வயிறு. ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம். கண் மஞ்சளாகி, காய்ச்சலும் நடுக்கமும். இடப்பக்க விலாவில் அடிபட்ட பிறகு தலைசுற்றலும் இடது தோள்வலியும், மண்ணீரல் கிழிந்திருக்கலாம். கர்ப்பம் 20 வாரம் தாண்டியவருக்கு வலப்பக்க மேல்வயிற்று வலி. உடனே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

இத்தனையும் படித்துவிட்டுப் பயப்படுபவர்களுக்காக மற்றொரு பக்கம். விலா வலிகளில் பாதுகாப்பானவையும் நிறைய. நெஞ்செலும்போடு விலா சேரும் குருத்தெலும்பில் அழற்சி வந்தால், அழுத்தினால் வலிக்கும், இருமினால் வலிக்கும், சில வாரங்களில் அடங்கும். அழுத்தினால் வலிக்கிறதே, அப்படியானால் இதயம் இல்லை என்று மட்டும் நீங்களே தீர்ப்பெழுத வேண்டாம். அதை ஈசிஜி சொல்லட்டும். வயிற்றுச் சுவர் வலியைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. மல்லாந்து படுக்கவைத்து, வலிக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு தலையைத் தூக்கச் சொல்வோம். தசை இறுகும்போது வலி கூடினால், வலி சுவரில் இருக்கிறது. குறைந்தால் உள்ளே தேட வேண்டும்.

ஒரு பெண்மணி மூன்று ஸ்கேன்கள், ஒரு எண்டோஸ்கோபி, ஒரு கட்டு மாத்திரைச் சீட்டுகளோடு வந்தார். எல்லாமே நார்மல். "மனசுல இருக்கிற பிரச்சனைங்கிறாங்க டாக்டர்" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு விரலால் இடது விலா விளிம்பைக் காட்டினார். அந்த விளிம்புக்கு அடியில் என் விரல்களைக் கொக்கிபோல மாட்டி மெல்ல முன்னால் இழுத்தேன். "க்ளிக்" என்றது. "இதேதான்!" என்று கத்தினார்.

எட்டு, ஒன்பது, பத்தாவது விலாக்கள் நேராக நெஞ்செலும்பில் முடிவதில்லை. மேலே இருக்கும் குருத்தெலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடி தளர்ந்தால் விலா நழுவி நரம்பை உரசும். அசையாமல் படுத்து எடுக்கும் ஸ்கேனில் அது எப்படித் தெரியும்? எந்த அசைவில் வலி வருகிறது என்று கண்டுபிடித்துத் தவிர்க்கச் சொன்னேன், பிசியோதெரபிக்கு அனுப்பினேன், வயிற்று மாத்திரைகளை நிறுத்தினேன். மூன்று மாதம் கழித்து வந்தார். குனிந்து ஷூ லேஸ் கட்டும்போது மட்டும் இன்னும் க்ளிக் என்கிறதாம்.